விழுந்த மரத்தில் கையாட்டிய ஈ

களக்காட்டிலிருந்து ஒரு வாழை விவசாயி எழுதியிருக்கிறார். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, வணக்கம். கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காட்டுக்குள் இருக்கும் தலையணை என்ற இடத்துக்குக் குளிக்கப் போயிருந்தோம். பாதையோரம் ஒரு பெரிய மரம் விழுந்து, பட்டை உரிந்து, மழையில் ஊறிக் கிடந்தது. ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் முதலில் பார்த்தாள். கறுப்பாக ஒரு பூச்சி. கொசுவுக்கு இருப்பது போல நெட்டைக் கால்கள். ஆனால் கொசுவைவிடப் பல மடங்கு பெரிது. முன்னால் இரண்டு வெள்ளைக் குச்சிகளை ஆட்டிக்கொண்டே மரத்தின் மேல் நடந்தது. கிட்டே போனாலும் பறந்து ஓடவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் நின்று மறுபடி ஆட்டியது. என் அம்மா, 'ஏட்டி, கிட்ட போவாத, குளவி, கொட்டிரும்' என்று சத்தம் போட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மகளின் கணுக்காலில் ரத்தம் நிற்காமல் வடிந்துகொண்டிருந்தது. அந்தப் பூச்சிதான் கடித்திருக்குமா? அதன் பெயர் என்ன? பக்கத்துத் தோட்டக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, 'இதுதான் மஞ்சளை அழுக வைக்கிற ஈ, உடனே மருந்தடி' என்கிறார். பொங்கலுக்கு விற்க 20 சென்ட்டில் மஞ்சள் போட்டிருக்கிறேன். சில தூர்களில் இலை பழுக்கிறது. அடுத்த முறை போகும்போது பூச்சியைப் பாட்டிலில் பிடித்து உங்களுக்கு அனுப்பட்டுமா? மூன்று படங்கள் இத்துடன் இருக்கின்றன."

மகளின் காலை முதலில் பார்த்துவிடுவோம். அது அட்டை. கார்த்திகை மழையில் தலையணைப் பாதையில் அட்டை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். கடிக்கும்போது வலி தெரியாது. அதன் எச்சிலில் ரத்தத்தை உறைய விடாத ஒரு பொருள் இருப்பதால், அது விழுந்து போன பிறகும் ரத்தம் வெகுநேரம் கசியும். வலியே இல்லாமல் ரத்தம் மட்டும் வடிந்தால் அட்டையைத்தான் சந்தேகப்பட வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் போதும். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குப் போய்வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், அக்குள், இடுப்பு, தொடை இடுக்குகளில் கறுத்த பொருக்கு மாதிரி சின்னப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், காட்டுக்குப் போனதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைபஸ் அப்படித்தான் வரும். நேரத்தில் கண்டுபிடித்துவிட்டால் மாத்திரையிலேயே குணமாகும்.

சரி, பூச்சிக்கு வருவோம்.

மூன்று படங்களில் இரண்டு கலங்கல். மூன்றாவதை உங்கள் மகள் எடுத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மரத்தோடு மட்டமாகக் குனிந்து பக்கவாட்டில் எடுத்திருக்கிறாள். அதனால்தான் இந்த அளவுக்காவது சொல்ல முடிகிறது. மேலே நின்றுகொண்டு எடுத்திருந்தால் கறுப்பாக ஒரு கோடுதான் தெரிந்திருக்கும்.

அது குளவி இல்லை, ஈ. இதை உறுதியாகவே சொல்லலாம். குளவிக்கு நான்கு இறக்கைகள். பின்னிறக்கை முன்னிறக்கையோடு சிறு கொக்கிகளால் கோத்துக்கொண்டிருக்கும், அதனால் சட்டென்று பார்த்தால் இரண்டு போலத் தெரியும். ஈக்கு உண்மையாகவே இரண்டுதான். பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசி போல, நுனி உருண்ட ஒரு தண்டு இருக்கும். படத்தைப் பெரிதாக்கி, இறக்கை உடம்போடு சேருமிடத்துக்குச் சற்றுப் பின்னால் பாருங்கள். வெளிறிய நிறத்தில் ஒரு புள்ளி தெரிகிறதா? அதுதான் அந்தக் குமிழ். பறக்கும்போது இறக்கை மேலே போனால் இது கீழே போகும், இறக்கை கீழே வந்தால் இது மேலே போகும். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஈக்குச் சொல்வதே இதுதான். கொசுவுக்கும் உண்டு, வீட்டு ஈக்கும் உண்டு. தெரியாத ஒரு பூச்சியைக் கண்டால் நிறத்தையும் பருமனையும் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் குமிழைத் தேடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது அந்த வெள்ளைக் குச்சிகள். எல்லோரும் அதை மீசை என்றுதான் நினைப்பார்கள், உங்கள் அம்மா நினைத்ததில் தப்பே இல்லை. கால்களை எண்ணிப் பாருங்கள். மரத்தில் ஊன்றியிருப்பவை நான்கு. ஆறுகால் பூச்சிக்கு மீதி இரண்டு எங்கே போயின? அந்த வெள்ளைக் குச்சிகள்தான் முன்னங்கால்கள். நுனியில் வெள்ளை காலுறை போட்ட மாதிரி இருக்கும் அவற்றைத் தூக்கி முன்னால் நீட்டி ஆட்டுகிறது. உண்மையான மீசை, அதாவது உணர்கொம்பு, முகத்தில் கட்டையாக ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து ஒரே ஒரு முடி நீட்டிக்கொண்டிருக்கும். படத்தில் அது தெரியவில்லை. நேரில் பார்த்தாலும் லென்ஸ் இல்லாமல் தெரியாது.

ஏன் ஆட்டுகிறது? விழுந்த மரங்களில் உண்மையிலேயே ஒரு வகைக் குளவி திரியும். மற்ற பூச்சிகளின் புழுவுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவி அது. மரத்துக்குள் வண்டின் புழு எங்கே இருக்கிறது என்று மீசையால் தட்டித் தட்டித் தேடும். அந்த இனங்களில் பலவற்றுக்குக் கறுப்பு மீசையின் நடுவே வெள்ளைப் பட்டை உண்டு. மெல்லிய உடம்பு, நீண்ட கால், ஓயாமல் அசையும் வெள்ளை மீசை. நம் ஈ இந்த மூன்றையும் அப்படியே காட்டுகிறது. பறவையோ ஓணானோ குளவி என்று எண்ணி விலகிவிட்டால் ஈ பிழைத்தது. தீங்கில்லாத பூச்சி தீங்குள்ளதைப் போல வேடம் கட்டுவதை ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1862-இல் அமேசான் பட்டாம்பூச்சிகளை வைத்து விளக்கினார். உங்கள் வீட்டு ஆச்சியே குளவி என்று நினைத்துப் பேத்தியை எச்சரித்தார்கள் என்றால், வேடம் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். இந்தக் குடும்பத்து ஈக்களில் சில எறும்பு வேடம் போடுவதும் உண்டு. உங்கள் படத்தில் உள்ளதைக் குளவி வேடமாகத்தான் நான் நினைக்கிறேன், அந்த வெள்ளை நுனிதான் காரணம்.

மற்றபடி, கடிக்காது, கொட்டாது. கொடுக்கு கிடையாது. குத்தும் வாயும் கிடையாது. ஈரத்தை ஒற்றி உறிஞ்சும் பஞ்சு போன்ற வாய்தான்.

பெயர் கேட்டிருக்கிறீர்கள். மைக்ரோபெஸிடே என்ற குடும்பம். நெட்டைக்கால் ஈக்கள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நடு, பின்னங்கால்கள் பொய்க்கால் கட்டியது போல நீண்டும், முன்னங்கால்கள் மட்டும் குட்டையாகவும் இருப்பது இந்தக் குடும்பத்தின் அடையாளம். இறக்கையில் தெரியும் மங்கலான கறுப்புப் பட்டைகள், தொடையில் இருக்கும் வெளிறிய வளையங்கள், வெள்ளை முன்பாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மைமிகிரல்லா என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்தில், வைக்கலாம். அந்தப் பேரினத்தில் அல்பிமானா என்று ஓர் இனம் உண்டு. லத்தீனில் 'வெள்ளைக் கை' என்று பொருள். உங்கள் மகள் 'கையாட்டுற பூச்சி' என்று பெயர் வைத்தாளாமே, பெயர் வைத்த விஞ்ஞானியும் அதே கையைத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் உங்கள் படத்தில் உள்ளது அந்த இனம்தான் என்று நான் எழுதித் தர மாட்டேன். இந்தப் பேரினத்தில் வெள்ளைக் கை ஒன்றுக்கு மட்டும் சொந்தமில்லை. முகத்திலும் முதுகிலும் உள்ள முடிகள், இறக்கை நரம்புகள், ஆண் ஈயின் வால் நுனி, இவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துத்தான் இனம் சொல்வார்கள். படத்தைப் பார்த்த உடனே முழுப் பெயரும் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். போனில் இருக்கும் செயலிக்கும் அது பொருந்தும்.

அதே மாதிரி மரத்தில் வேறு சிலவும் உங்களை ஏமாற்றலாம். காலைத் தொட்டால் கழன்று கையோடு வந்துவிடும் ஒல்லிப் பூச்சி, ராட்சசக் கொசு மாதிரி இருக்கும், அது கிரேன் ஈ. அசையாமல் உட்கார்ந்திருந்து, பறக்கும் பூச்சியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பி வருவது கொள்ளைக்கார ஈ, முகத்தில் தாடி போல முடி இருக்கும். ஓடைப்பக்கம் நிழலில் உங்கள் மகள் தேட வேண்டிய இன்னொன்று காம்புக்கண் ஈ. தலையிலிருந்து இருபுறமும் கொம்பு நீட்டி, அதன் நுனியில் கண் இருக்கும். அதை ஒரு தரம் பார்த்தவர்கள் வேறு எதோடும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

பூச்சியை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும், அது நின்ற இடத்தையும் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, 'பட்டை உரிந்து, மழையில் ஊறிக் கிடந்தது' என்பதுதான். மரம் விழுந்த புதிதில் இந்த ஈ வராது. முதலில் நீள்மீசை வண்டுகள் வந்து பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழுக்கள் பட்டைக்குக் கீழே குடைந்து போகும். குடைந்த வழியில் பூஞ்சை இறங்கும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் சதை புளித்து, கூழாகி, கள் வாடை அடிக்கும். பட்டை தளர்ந்து, மழைத்தண்ணீர் உள்ளே தங்கி, கட்டை பஞ்சாக அமுங்கத் தொடங்கும்போதுதான் இந்த மாதிரி ஈக்களுக்கு அழைப்பு. இவற்றின் காலில்லாத வெள்ளைப் புழுக்கள் அந்த அழுகலையும் அதில் வளரும் நுண்ணுயிரையும் தின்று வளரும். பிறகு மரவட்டை, கறையான், கடைசியில் அந்தக் கட்டையின் மேலேயே ஒரு நாற்று முளைத்து நிற்கும். ஆகவே மரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் யார் வந்திருப்பார்கள் என்று பாதி சொல்லிவிடலாம்.

பல வருடங்களுக்கு முன், அனுமதிக் கடிதத்தோடு முண்டந்துறைக் காட்டில் இப்படி ஒரு கட்டையின் பக்கத்தில் ஒரு முழுக் காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். முதல் அரைமணி நேரம் ஒன்றுமே இல்லை. வெயில் மரக்கிளை வழியாகக் கட்டையில் விழுந்த பிறகு ஒன்று வந்தது. நாலைந்து எட்டு நடக்கும், நிற்கும், கையை ஆட்டும், குனிந்து ஈரத்தை ஒற்றும். ஒரு பறவை எச்சம் காய்ந்து கிடந்தது. அதன் மேல் தன் எச்சிலைத் துளியாக விட்டு, கரைத்து, உறிஞ்சியது. அப்புறம் ஒரு விரிசலைக் கண்டுபிடித்தது. கைகள் இரண்டும் அப்படியே தூக்கினபடி நிற்க, வயிற்றின் கூர்நுனியை விரிசலுக்குள் விட்டு அசையாமல் இருந்தது. பெண் ஈ, முட்டையிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு உண்மையான ஒட்டுண்ணிக் குளவியும் அதே கட்டையில் இரண்டு சாண் தள்ளி மீசையால் தட்டிக்கொண்டு போனது. அந்தக் காலை எனக்குக் கற்றுக் கொடுத்ததைத்தான் இன்று உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது மஞ்சள். பக்கத்துத் தோட்டக்காரர் ஆகாயத்திலிருந்து பேசவில்லை. இதே பேரினத்தில் கொருலிஃப்ரான்ஸ் என்ற இனம் இஞ்சி, மஞ்சள் கிழங்குகளில் புழு வைப்பது உண்மை. பெயருக்கு 'நீல நெற்றி' என்று பொருள். அழுகிய கிழங்கைக் கீறினால் உள்ளே நெளியும் வெள்ளைப் புழு பல நேரம் இதனுடையதுதான். ஆனால் அழுகலை யார் தொடங்கினார்கள் என்பது வேறு கேள்வி. பெரும்பாலும் பித்தியம் என்ற நீர்ப்பூஞ்சை முதலில் கிழங்கைப் பிடிக்கிறது. அழுகல் வாடைக்கு ஈ வருகிறது. புழுவைப் பார்த்த விவசாயி புழுதான் காரணம் என்று நினைக்கிறார். காட்டில் செத்த மரத்துக்கு வருவது போலத்தான் இங்கே செத்துக்கொண்டிருக்கும் கிழங்குக்கும் வருகிறது.

நாளைக் காலையில் தோட்டத்துக்குப் போய் இலை பழுத்த தூர் ஒன்றைப் பிடியுங்கள். மண்ணை ஒட்டித் தண்டைப் பிடித்து மெதுவாக இழுங்கள். கெட்டியாக நின்றால், அடித்தண்டு பச்சையாக இருந்தால், அழுகல் இல்லை. பயிர் முதிர்வதாலோ உரக்குறைவாலோ இலை பழுக்கலாம். இழுத்ததும் கொழகொழவென்று கையோடு வந்து, நாற்றமடித்தால் அழுகல். அந்தத் தூரை மண்ணோடு வெட்டியெடுத்துத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுங்கள். வரப்பில் போடாதீர்கள், வாய்க்காலில் வீசவே வேண்டாம். தண்ணீரோடு நோய் அடுத்த வயலுக்குப் போய்விடும். மழைத்தண்ணீர் தேங்காமல் வடிகால் பறியுங்கள், இந்த வாரமே. நோய்க்கு இடம் கொடுப்பது தேங்கிய தண்ணீர்தான். பக்கத்துக்காரர் சொன்ன பூச்சிமருந்து வேண்டாம். அது ஈயைக் கொல்லும், பூஞ்சையைத் தொடாது. அதோடு, உங்கள் மஞ்சள் குலையை வாங்குகிறவர்கள் அதைப் பொங்கல் பானையில் கட்டப்போகிறார்கள், கிழங்கை அரைத்துக் குழம்பில் போடப்போகிறார்கள். அறுவடைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது அதில் விஷம் அடிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அழுகல் பத்துத் தூருக்கு மேல் பரவியிருந்தால் ஒரு தூரைப் பையில் போட்டு வட்டார வேளாண் அலுவலரிடமோ கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலோ காட்டுங்கள். அடுத்த பட்டத்துக்கு, நோய் வராத பாத்தியிலிருந்து மட்டும் விதைக்கிழங்கு எடுங்கள், மேட்டுப்பாத்தி போடுங்கள், டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுவுரத்தோடு கலந்து இடுங்கள்.

உங்கள் வாழைத் தோட்டத்திலும் இதன் பங்காளி இருக்கக்கூடும். குலை வெட்டிய பிறகு அழுகிக் கிடக்கும் தண்டில் நீண்ட காலோடு ஓர் ஈ நடக்கும். நீரிடே குடும்பம். அதற்கு முன்னங்காலும் நீளமாக இருக்கும், உணர்கொம்பு முன்னோக்கி நீட்டியிருக்கும். இரண்டு ஆண் ஈக்கள் நிமிர்ந்து நின்று முன்னங்காலால் அடித்துக்கொள்வதைப் பார்க்கலாம். அதுவும் அழுகலுக்குத்தான் வருகிறது, வாழைக்கு ஒன்றும் செய்யாது. வெட்டிய தண்டைத் துண்டுபோட்டு அப்புறப்படுத்த வேண்டியது தண்டுக் கூன்வண்டுக்காக. அதை மட்டும் விடாமல் செய்யுங்கள்.

பாட்டிலில் பிடிக்கலாமா என்று கேட்டீர்கள். தயவுசெய்து வேண்டாம். களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களைச் சேர்த்து 1988-இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தலையணை அதற்குள்தான் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கிருந்து அனுமதியில்லாமல் எதையும் எடுத்துவரக் கூடாது. ஈயானாலும் சரி, சுள்ளியானாலும் சரி. பட்டையை உரித்துப் பார்க்கவும் கூடாது. உரித்தால் உள்ளே ஈரம் காய்ந்து, அங்கே வளரும் புழு அத்தனையும் செத்துப்போகும். உங்கள் மகளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்தால், சொந்தத் தோட்டத்தில் அழுகிய வாழைத்தண்டை வெட்டிக் காட்டுங்கள்.

படம் எடுப்பதற்கு மட்டும் ஒன்றிரண்டு யோசனை. போனில் மாட்டுகிற சின்ன மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். காலை பத்து மணிக்கு மேல், கட்டையில் வெயில் விழும் நேரத்தில் போங்கள். ஃபிளாஷ் வேண்டாம், உங்கள் நிழலும் அதன் மேல் விழக் கூடாது. மேலிருந்து ஒன்று, இறக்கைப் பட்டை தெரியும்படி. பக்கத்திலிருந்து ஒன்று, அதைத்தான் அவள் ஏற்கனவே நன்றாக எடுக்கிறாள். முன்னாலிருந்து ஒன்று, நெற்றி தெரியும்படி. மூன்றாவது கஷ்டம், பொறுமை வேண்டும். பூச்சி போன பிறகு அது நின்ற இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து இன்னொரு படம் எடுத்தால் அளவு தெரிந்துவிடும். தேதி, நேரம், மரம் எவ்வளவு மக்கியிருக்கிறது, ஈ என்ன செய்துகொண்டிருந்தது, இவற்றை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அந்த மரம் இன்னும் சில மழைக்காலம் அங்கேயேதான் கிடக்கும். நெற்றி நீலமா கறுப்பா என்று தெரிகிற மாதிரி ஒரு படம் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது நோட்டில் எழுதியதையும் அவள் கையெழுத்திலேயே அனுப்பச் சொல்லுங்கள்.